இடது கையைத் தூக்கினால்

பஸ் ஓட்டுநர் தேர்வில் அவர் முதல் தடவை தோற்றபோது, ஏன் தோற்றார் என்று யாருக்கும் புரியவில்லை. அவருக்கே புரியவில்லை. சாலை காலியாக இருந்தது. குறுக்கே ஒரு நாய்கூட வரவில்லை. நன்றாகப் போய்க்கொண்டிருந்த பஸ் எதையோ பார்த்து மிரண்டதுபோல் நின்றது. மறுபடி கிளம்பியது. மறுபடி நின்றது. நின்றுகொண்டு வந்த பயணிகள் ஒருவர்மேல் ஒருவர் சரிந்தார்கள். ஒரு அம்மாவின் பையிலிருந்து ஆரஞ்சுப் பழங்கள் உருண்டு டிரைவர் சீட்டுக்கு அடியில் வந்து சேர்ந்தன.

"ஏம்மா, பஸ் ஓட்டறியா, தொட்டில் ஆட்டறியா?" என்று பின்னாலிருந்து ஒரு குரல் வந்தது.

தேர்வு வைத்தவர் அதிகம் பேசாத மனிதர். டெப்போவில் அவருக்கு ‘சைலன்ஸர்’ என்று பெயர். வண்டி திரும்பி வந்து நின்றதும் இரண்டே கேள்விதான் கேட்டார்.

"எதுக்கு பிரேக் போட்டீங்க?"

"தெரியல சார்."

"குறுக்க ஏதாவது வந்துச்சா?"

"இல்ல சார்."

அவர் உதட்டைப் பிதுக்கி, தாளில் ஒரு கோடு போட்டுவிட்டு இறங்கிப் போனார். இன்னும் ஒரே ஒரு வாய்ப்பு. அதிலும் தோற்றால் வேறு வேலை பார்க்க வேண்டியதுதான். மூன்றாவது தடவை வண்டி தரமாட்டார்கள்.

வேறு வேலை அவரிடம் ஏற்கெனவே இருந்தது. அதை விட்டுவிட்டுத்தான் வந்திருந்தார். பதினாறு வருடம் அவர் பல் டாக்டர்.

பள்ளியில் நல்ல மார்க் வந்தது, அதனால் கல்லூரியில் இடம் கிடைத்தது, கிடைத்ததால் போனார். யாரும் கட்டாயப்படுத்தவில்லை. வேலையும் நன்றாகவே வந்தது. மருந்துக் கடைக்கு மேலே, குறுகலான மாடிப்படி ஏறிப் போனால் அவர் கிளினிக். வேறு டாக்டர்களிடம் போய்ப் பாதியில் எழுந்து ஓடி வந்தவர்கள்கூட அவரிடம் வாயைத் திறந்தார்கள். ராசியான கை என்று பேர். அப்புறம் ஏன் விட்டார்?

"கழுத்து வலியா?" என்று எல்லோரும் கேட்டார்கள். குனிந்தே வேலை பார்ப்பவர்களுக்குக் கழுத்து போய்விடும் என்பது ஊரறிந்த விஷயம். கௌரவமான காரணமும்கூட. சொந்தக்காரர்களிடம் அவர் கணவரும் கழுத்தைத்தான் சொல்லிவைத்தார். ஒருநாள் அது இவர் காதில் விழுந்துவிட்டது.

"என் கழுத்துக்கு என்ன? நல்லாத்தானே இருக்கு?"

"அவங்களுக்கு ஏதாவது சொல்லணும்ல?"

"பஸ் ஓட்டணும்னு ஆசைன்னு சொல்லுங்க."

"அதைச் சொன்னா உனக்குத் தலைல ஏதோ ஆயிடுச்சுன்னு நினைப்பாங்க. கழுத்து பரவாயில்ல, கொஞ்சம் கீழ இருக்கு."

உண்மையான காரணத்தை அவரே சொல்லட்டும்: "ஒருநாள் மதியம், ஒருத்தருக்கு மரத்துப்போற ஊசி போட்டுட்டு, அது வேலை செய்யறவரைக்கும் ஜன்னல்கிட்ட நின்னேன். எதிர்ல பஸ் ஸ்டாப். வெயில்ல ஒரு கூட்டம் காஞ்சுகிட்டு நிக்குது. திருப்பத்துல பஸ் தலை தெரிஞ்சுச்சு பாருங்க, அத்தனை மூஞ்சியும் மலர்ந்துபோச்சு. நான் இந்தப் பக்கம் திரும்பினேன். வெளிய காத்திருக்கறவங்க ரூம் கதவு திறந்திருந்துச்சு. என்னைப் பார்த்ததும் அங்க இருந்த அத்தனை மூஞ்சியும் தொங்கிப்போச்சு. இத்தனை வருஷத்துல நான் கதவைத் திறந்து யார் மூஞ்சியாவது மலர்ந்திருக்கான்னு யோசிச்சேன். யோசிச்சுகிட்டே நின்னுட்டேன். உள்ள அந்த மனுஷன் பாதி வாய் மரத்துப்போய் ‘ஆக்டர், ஆக்டர்’னு கூப்பிடறார்."

அன்றே முடிவெடுத்துவிடவில்லை. காரை வீட்டில் விட்டுவிட்டு பஸ்ஸில் கிளினிக் போக ஆரம்பித்தார். டிரைவருக்குப் பக்கத்தில் இருக்கும் ஒற்றை சீட்டுக்காக ஒரு பஸ்ஸை விட்டு அடுத்த பஸ்ஸில்கூட ஏறினார். டிரைவர் வளைவில் எப்போது கியரை மாற்றுகிறார், எவ்வளவு தூரத்தில் வேகத்தைக் குறைக்கிறார் என்று கவனித்தார். வண்டி ஓட்டுவது அவருக்கு எப்போதுமே பிடிக்கும். அந்த வீட்டில் டிரைவர் அவர்தான். கணவர் கணக்கு வாத்தியார், ஸ்டியரிங்கைக் கண்டால் வேர்த்துவிடும். உறவில் யார் எங்கே கூட்டமாகப் போனாலும் வாடகை வேனை எடுத்து எல்லோரையும் அள்ளிப் போட்டுக்கொண்டு போவது இவர் வேலை. அந்த மாதிரி நாட்களில் தன் முகம் எப்படி இருந்தது என்பதை அவர் பழைய போட்டோக்களில் போய்ப் பார்த்தார். கிளினிக் போட்டோக்களில் அந்த முகம் இல்லை.

ஒரு வருடம் மனசுக்குள் அரைத்தபின் சாப்பாட்டு மேசையில் விஷயத்தைப் போட்டார். கணவர் தட்டில் இருந்ததை முடித்தார். தண்ணீர் குடித்தார்.

"பஸ்ஸுன்னா பெரிய பஸ்ஸா, மினி பஸ்ஸா?"

"பெரிய பஸ்."

"அப்ப சரி. பண்றதைப் பெருசாப் பண்ணு."

பதினைந்து வயது மகளுக்குச் சந்தேகம் வேறு. "இனிமே எனக்குப் பல் வலிச்சா எந்த ஸ்டாப்ல நிக்கணும்?"

தொலைபேசியில் அண்ணன்தான் எகிறினார். டாக்டர் என்று சொல்லிச் சொல்லி அவர் தங்கையைப் பற்றி ஊரெல்லாம் பெருமை பேசி வைத்திருந்தார். "புத்தி கெட்டுப்போச்சா உனக்கு? ஊரே கைகொட்டிச் சிரிக்கும்!"

"சிரிக்கட்டும் அண்ணா. பல்லு எப்படி இருக்குன்னாவது தெரியும்."

கிளினிக்கைத் தன்னுடன் பல வருடம் வேலை பார்த்த ஜூனியரிடம் ஒப்படைத்தார். வாசலில் பெயர்ப்பலகை மாறிய அன்று அந்தப் பெண் இவர் கையைப் பிடித்துக்கொண்டு, "உங்களுக்கு இங்க எப்பவும் ஒரு சேர் இருக்கு மேடம்" என்றார். அன்பாகத்தான் சொன்னார். ஆனால் இவரை அதிகம் பயமுறுத்தியது அந்த வார்த்தைதான். தோற்றால் எங்கே போய் நிற்க வேண்டும் என்பது அத்தனை துல்லியமாகத் தெரிந்துவிட்டது. அதே மாடிப்படி, அதே ஜன்னல், ஆனால் இன்னொருவர் பெயர்.

பயிற்சி தந்தவர் இவரைவிடப் பத்து வயது இளைய பெண். குரல் கணீரென்று கடைசி சீட் வரை போகும் என்பதால் அவருக்கு ‘ஹாரன்’ என்று பட்டம். அதை அவரே பெருமையாகச் சொல்லிக்கொள்வார். முதல் நாள் இவரைப் பார்த்ததும் இடுப்பில் கைவைத்துக் கேட்டார், "டாக்டரக்கா, இது ரெண்டு நாள் ஆசையா, நிஜமாவா?"

"நிஜம்தாங்க."

"அப்ப அந்தச் சந்துக்குள்ள ரிவர்ஸ் எடுங்க பார்ப்போம்."

அது புதியவர்களை அழவைக்கும் சந்து. இவர் ஒரே மூச்சில் எடுத்து நிறுத்தினார். ஹாரனுக்கு முதல் தடவையாகக் குரல் வரவில்லை. இதில் அதிசயம் ஒன்றுமில்லை என்கிறார் டாக்டர். மேல்வரிசைக் கடைவாய்ப் பல்லைப் பல் டாக்டர்கள் நேராகப் பார்ப்பதே இல்லை. வாய்க்குள் ஒரு குட்டிக் கண்ணாடியை வைத்து, அதில் தெரியும் தலைகீழ் உருவத்தைப் பார்த்துத்தான் வேலை செய்வார்கள். கண்ணாடியில் பார்த்துக் கையை அசைப்பது அவருக்குச் சுவாசிக்கிற மாதிரி.

டெப்போவில் செய்தி பரவியது. மதிய இடைவேளையில் டிரைவர்கள் ஒவ்வொருவராக வந்து பக்கத்தில் உட்கார்ந்து, சுற்றுமுற்றும் பார்த்துவிட்டு வாயைத் திறந்தார்கள். "சும்மா ஒரு பார்வை டாக்டரம்மா. இங்க, உள்ள, இந்தப் பக்கம்." ஹாரன் வந்து விரட்டினால்தான் வாய்கள் மூடும்.

எல்லாம் நன்றாகத்தான் போனது. தேர்வு நாளில்தான் அந்தத் தொட்டிலாட்டம்.

தோற்ற மறுநாள் ஹாரன் விசாரணை நடத்தினார். தூக்கம் சரியாக இருந்ததா? கண் பரிசோதனை பண்ணினீர்களா? பயந்தீர்களா? மூன்றுக்கும் பதில் சாதாரணமாகவே இருந்தது. பயிற்சி பஸ்ஸை மறுபடி எடுத்துக்கொண்டு போனார்கள். பிசிறில்லாமல் ஓட்டினார்.

"இங்க வராதது அங்க ஏன் வந்துச்சு?" ஹாரன் தாடையைத் தேய்த்துக்கொண்டார். "அங்க கூட்டம் இருந்துச்சு. இங்க நாம நாலு பேரு உட்கார்ந்துட்டுப் போறோம். எல்லாரும் எழுந்து நில்லுங்க!"

எல்லாரும் என்றால் கூடப் பயிற்சி எடுத்தவர்கள். அதில் ஒருவர் முன்னாள் பேக்கரிக்காரர். அடுப்புச் சூடு ஒத்துக்கொள்ளாமல் பஸ் ஓட்ட வந்தவர், ஆள் மலை மாதிரி. அவர் எழுந்து மேல் கம்பியைப் பிடிக்கக் கையைத் தூக்கினார். பஸ் பொக்கென்று நின்றது. அவர் கையை இறக்கினார். பஸ் கிளம்பியது. தூக்கினார், நின்றது. இறக்கினார், போனது.

"மேடம்!" என்று பேக்கரிக்காரர் கத்தினார். "இந்த பஸ்ஸை நான்தான் ஓட்டறேன்! பாருங்க!" மறுபடி கையைத் தூக்கிக் காட்டினார். பஸ் கீழ்ப்படிந்தது.

டாக்டர் வண்டியை ஓரம் கட்டினார். ஸ்டியரிங்கின் மேல் இரண்டு கைகளையும் வைத்துக்கொண்டு தன் வலது காலைக் குனிந்து பார்த்தார். பிறகு சிரிக்க ஆரம்பித்தார். சிரிப்பு நின்றபின் சொன்னார்.

கிளினிக்கில் நாற்காலியில் சாயும் ஒவ்வொருவரிடமும் அவர் முதலில் சொல்வது ஒரே வாக்கியம்: "வலிச்சா இடது கையைத் தூக்குங்க. உடனே நிறுத்திடுவேன்." பல டாக்டர்கள் இதைச் சொல்வதுண்டு. சொல்லிவிட்டு, ‘இதோ முடிஞ்சுது, இதோ முடிஞ்சுது’ என்று தொடர்வதும் உண்டு. இவர் ஒரு தடவைகூட அப்படிச் செய்ததில்லை. கை எழுந்தால் மெஷின் நின்றுவிடும். ஓடிப்போனவர்கள் இவரிடம் வாயைத் திறந்ததே அதனால்தான். அந்தத் துளை போடும் மெஷினுக்கு சுவிட்ச் கையில் இல்லை. தரையில், வலது காலடியில் ஒரு மிதி. அழுத்தினால் சுற்றும், காலை எடுத்தால் நிற்கும்.

"அப்ப பதினாறு வருஷமா," என்றார் ஹாரன் மெதுவாக, "ஓரக்கண்ல ஒரு கை தூக்கறது தெரிஞ்சா உங்க வலது கால் தானா எடுத்துக்குது."

"ஆமா."

"கண்ணாடியில பயணிங்க கை தெரிஞ்சதும் கால் ஆக்சிலரேட்டரை விட்டு பிரேக்குக்குப் போயிடுது."

"எனக்கே தெரியாம போகுதுங்க."

"இடது கைதானே தூக்கச் சொன்னீங்க? நான் வலது கையில்ல தூக்கினேன்?" என்று பேக்கரிக்காரர் நியாயம் கேட்டார்.

"கண்ணாடியில உங்க வலது எனக்கு இடதுதான். அதோட, காலுக்கு அந்தக் கணக்கெல்லாம் தெரியாதுங்க."

ஒரு கெட்ட பழக்கத்தை விடச் சொல்வது சுலபம். இது நல்ல பழக்கம். அவர் வாழ்க்கையிலேயே அதிகப் பெருமைப்பட்ட பழக்கம். அன்று வீட்டுக்குப் போய் அவர் கணவரிடம், "நான் விட்டுட்டு வந்துட்டேன்னு நினைச்சேன். கால் இன்னும் கிளினிக்லதான் இருக்கு" என்றார். கணவர் இதைக் கணக்காகப் பார்த்தார். "பழகினது எத்தனை தடவை இருக்கும்? அதுக்கு ஈடா வேற ஒண்ணைப் பழகணும். அவ்வளவுதானே?"

"அவ்வளவுதானே-வா? அடுத்த வாரமே தேர்வு. நாளே இல்லையே."

ஹாரனும் அதே யோசனையோடுதான் மறுநாள் வந்தார், ஆனால் கணக்கில்லாமல், அதிரடியாக. பயிற்சி எடுத்தவர்கள், வேலை முடித்த டிரைவர்கள், சும்மா நின்ற கிளீனர் என்று கிடைத்தவர்களையெல்லாம் பஸ்ஸில் ஏற்றினார். "எல்லாரும் கையைத் தூக்குங்க. நான் சொல்றவரைக்கும் இறக்கக்கூடாது. அக்கா, நீங்க ஓட்டுங்க. அங்க கை தூக்கினா வலிக்குதுன்னு அர்த்தம். இங்க கை தூக்கினா, ‘நான் கெட்டியாப் பிடிச்சுகிட்டேன், நீ போ’ன்னு அர்த்தம். கால்கிட்ட சொல்லுங்க."

முதல் நாள் வண்டி தவளை மாதிரி தத்தியது. தூக்கின கைகளெல்லாம் முன்சீட்டுக்காரர் தலையில் இறங்கின. இரண்டாம் நாள் கொஞ்சம் பரவாயில்லை. மூன்றாம் நாள், இரண்டு கைகளையும் உயர்த்திக்கொண்டு ஒரு பஸ் நிறைய ஆட்கள் போவதைப் பார்த்த போக்குவரத்துக் காவலர் மோட்டார் சைக்கிளில் துரத்தி வந்து மறித்தார். ஜன்னல் வழியாக எட்டிப் பார்த்தார். யாரும் கையை இறக்கவில்லை. ஹாரன் இன்னும் சொல்லவில்லையே.

"என்ன நடக்குது இங்க? உள்ள யாராவது துப்பாக்கி வச்சிருக்காங்களா?"

"இல்ல சார்," என்றார் பேக்கரிக்காரர் பவ்யமாக. "டிரைவர் ஊசி வச்சிருக்காங்க."

ஹாரன் இறங்கி விளக்கினார். காவலர் நம்பிய மாதிரித் தெரியவில்லை. ஆனால் போகும்போது தன் கன்னத்தைத் தடவிக்கொண்டு போனார்.

அந்த வாரக் கடைசியில் கால் பெரும்பாலும் சொன்னபடி கேட்டது. பெரும்பாலும்தான். எதிர்பாராமல் ஒரு கை எழுந்தால் கட்டைவிரல் மட்டும் ஷூவுக்குள் சுருண்டது. அதற்குமேல் நாளில்லை.

இரண்டாவது தேர்வு, மதிய நேரம், கூட்டமான தடம். சைலன்ஸர் முன்சீட்டில் தாளோடு உட்கார்ந்தார். முதல் ஸ்டாப்பில் பள்ளிக்கூடக் கூட்டம் ஏறியது. கண்ணாடியில் கைகள் வரிசையாக எழுந்தன. பஸ் போனது. அடுத்ததில் காய்கறிப் பைகளோடு ஒரு கூட்டம். கைகள். பஸ் போனது. பாலம், வளைவு, சிக்னல். சைலன்ஸர் எதையும் எழுதவில்லை. அது நல்லதா கெட்டதா என்று தெரியவில்லை.

அடுத்த ஸ்டாப்பில் ஒருவர் ஏறினார். மூக்குக்கண்ணாடிக் கடை வைத்திருப்பவர். படியில் கால்வைத்ததும் டிரைவரைப் பார்த்தார். கை தானாகப் போய்க் கன்னத்தைப் பொத்திக்கொண்டது.

"டாக்டர்? நீங்களா!"

பயணிகளோடு பேசக்கூடாது என்பது விதி. இவர் தலையை மட்டும் அசைத்தார். அவர் வேறு இடம் இல்லாமல், டிரைவருக்குப் பக்கத்தில் இருந்த ஒற்றை சீட்டில் விளிம்போடு உட்கார்ந்தார். அவருடைய வேர் சிகிச்சைக்கு எத்தனை தடவை நிறுத்தி நிறுத்தி வேலை செய்ய வேண்டியிருந்தது என்பது இருவருக்குமே ஞாபகம் இருந்தது. கிளினிக்கில் கை தூக்குவதில் அவரை அடித்துக்கொள்ள ஆளில்லை.

அடுத்தது தண்டவாளம் கடக்கும் இடம். சாலை குண்டும் குழியும். பின்னால் ஒரு லாரி ஒட்டிக்கொண்டு வந்தது. பஸ் முதல் தண்டவாளத்தில் ஏறிக் குலுங்கியது, எங்கோ ஒரு ஜன்னல் கிர்ரென்று அதிர்ந்தது. மூக்குக்கண்ணாடிக் கடைக்காரர் கண்களை இறுக மூடினார். இடது கையைத் தூக்கினார்.

அது கம்பியைப் பிடிக்கத் தூக்கிய கை இல்லை. முழங்கை மடங்கி, உள்ளங்கை விரிந்து, இவர் சொல்லிக்கொடுத்த அதே மாதிரி. இத்தனை நாள் பழகியது அந்நியக் கைகளோடு. இது அவருடைய நோயாளியின் கை, அவரிடம் கேட்கிற கை. வலது கால் எழுந்தது. என்ஜின் சத்தம் ஒரு சுருதி இறங்கியது. சைலன்ஸர் தாளிலிருந்து நிமிர்ந்தார். தண்டவாளத்தின் நடுவில், லாரிக்கு முன்னால் நின்றால் என்ன ஆகும் என்று எல்லோரையும்விட நன்றாக டாக்டருக்குத் தெரியும்.

கால் பிரேக்குக்குப் போகவில்லை. இருந்த இடத்திலேயே மறுபடி அழுந்தியது.

"சார்," என்றார், கண்ணைச் சாலையிலிருந்து எடுக்காமல், நாற்காலியில் சாய்ந்தவர்களிடம் பேசும் அதே குரலில். "இங்க மெஷின் எதுவும் இல்ல. கண்ணைத் திறங்க. அந்தக் கையை அப்படியே கம்பியில வச்சுக்குங்க. இன்னும் ஒரே ஒரு குலுக்கல்."

அவர் கண்ணைத் திறந்தார். கை கம்பிக்குப் போனது. பஸ் இரண்டாவது தண்டவாளத்தைத் தாண்டிச் சமதளத்தில் இறங்கியது. பின்னால் யாரோ சிரித்தார்கள், பிறகு பலர். கடைக்காரரும் அசடு வழியச் சிரித்தார். தன் ஸ்டாப்பில் இறங்கும்போது, "வலிக்கவே இல்ல டாக்டர்" என்றார்.

டெப்போவில் வண்டியை நிறுத்தியதும் சைலன்ஸர் வெகுநேரம் தாளைப் பார்த்துக்கொண்டிருந்தார். தூரத்தில் ஹாரனும் பேக்கரிக்காரரும் தூணுக்குப் பின்னால் மறைய முயன்றார்கள். பேக்கரிக்காரரை மறைக்கிற தூண் எங்கும் கிடையாது.

"பேசினீங்க," என்றார் சைலன்ஸர்.

"ஆமா சார்."

"ஓட்டும்போது பேசக்கூடாது."

"தெரியும் சார்."

"மார்க் குறைச்சிருக்கேன்."

"எவ்வளவு சார்?"

அவர் பேனாவை மூடிப் பையில் சொருகினார். "ஒண்ணு." படியில் இறங்கியவர் நின்று, திரும்பாமலே சொன்னார்: "தண்டவாளத்துல நிறுத்தியிருந்தா எல்லா மார்க்கும் போயிருக்கும். போய் யூனிஃபார்ம் சட்டைக்கு அளவு கொடுங்க."

ஹாரன் கூவியது தெருமுனை வரை கேட்டிருக்கும். அந்த அமளியிலிருந்து விலகி, சீட்டில் உட்கார்ந்தபடியே இவர் வீட்டுக்குப் போன் செய்தார். மகள் எடுத்தாள்.

"என்னம்மா ஆச்சு?"

"பாஸ்."

அந்தப் பக்கம் ஒரு அலறல். கணவருக்கு விஷயம் சொல்லப்படும் சத்தம். பிறகு மகள் மறுபடி வந்தாள், குரலில் புதுக் கவலையோடு.

"எந்த ரூட்டு?"

"இன்னும் சொல்லல."

"எங்க ஸ்கூல் ரூட்டு மட்டும் வேண்டாம்னு சொல்லிடும்மா. ப்ளீஸ். எல்லாரும் பார்ப்பாங்க."

"அதைத்தான் கேட்டு வாங்கலாம்னு இருக்கேன்."

"அம்மா!" அப்பாவிடம் முறையிட்டுப் பார்த்தாள். "சரி. ஆனா நான் ஏறும்போது என்னைத் தெரிஞ்ச மாதிரியே காட்டிக்கக்கூடாது. ஒரு வார்த்தை பேசக்கூடாது."

"எப்படிடி பேசுவேன்? விதியே அதுதானே," என்று சொல்லிப் போனை வைத்துவிட்டு, சட்டைக்கு அளவு கொடுக்க இறங்கினார்.